சாட்சி சொன்ன சாக்குத் துணி

முதல் பார்வைக்கு அது குழந்தை வரைந்த படம் மாதிரிதான் இருக்கும். மேலே வட்டமாக ஒரு மஞ்சள் சூரியன். அதற்குக் கீழே வரிசையாக மலைகள். அடிவாரத்தில் சின்னச் சின்ன வீடுகள், மரங்கள். தெருவில் விரல் நீளத்துக்குத் துணிப் பொம்மைகளாக மனிதர்கள். எல்லாமே கலர் கலரான ஒட்டுத்துணிகளைச் சாக்கின் மேல் வைத்துத் தைத்தவை. நாலு ஓரத்திலும் கம்பளி நூலில் குரோஷா பின்னல். சுவரில் மாட்டினால் அறைக்கே ஒரு களை வந்துவிடும்.

கிட்டே போய்ப் பார்த்தால்தான் விஷயம் புரியும். பெண் பொம்மைகள் சில, ஆளுக்கொரு போட்டோவைப் பிடித்தபடி நிற்கின்றன. எதிரே சீருடை போட்ட பொம்மைகள். ஒரு வீட்டு வாசலில் நிற்கும் வண்டியில் யாரையோ ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் நூலால் எழுதிய ஒரு கேள்வி: ‘எங்கே இருக்கிறார்கள்?’

இந்தத் துணிப் படத்துக்குப் பெயர் ‘ஆர்பியேரா’. ஸ்பானிஷ் மொழியில் அதற்குச் சாக்குத் துணி என்றுதான் அர்த்தம். தென் அமெரிக்காவின் சிலி நாட்டில், ராணுவ ஆட்சிக்கு பயந்து ஊரே வாயை மூடிக்கொண்டிருந்த காலத்தில், சாதாரணக் குடும்பத்துப் பெண்கள் இவற்றைத் தைத்தார்கள். வயிற்றுப்பாட்டுக்காகவும், நடந்ததைச் சொல்வதற்காகவும் ஊசியைக் கையில் எடுத்தவர்கள் அவர்கள். மனக்காயத்துக்கு மருந்து தேடி அங்கே போனதாக அவர்களில் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால், ஒரு சமூகத்துக்கே ஏற்பட்ட காயம் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக ஆறத் தொடங்குகிறது என்பதை உலகம் அவர்களிடமிருந்துதான் நிறையக் கற்றுக்கொண்டது.

ஒரே நாளில் மாறிய நாடு

1973 செப்டம்பர் 11, செவ்வாய்க்கிழமை. சிலியின் தலைநகர் சாண்டியாகோவில் ஜனாதிபதி மாளிகை மீது அந்த நாட்டு விமானப்படையே குண்டு வீசியது. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஜனாதிபதி சல்வதோர் அயெந்தே அன்றே இறந்துபோனார். ஜெனரல் அகஸ்தோ பினோசே தலைமையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. நாடாளுமன்றம் மூடப்பட்டது. கட்சிகளுக்குத் தடை. இரவில் ஊரடங்கு. நாட்டின் பெரிய கால்பந்து மைதானமான தேசிய ஸ்டேடியம், பிடித்து வந்தவர்களை அடைத்து வைக்கும் சிறையாக மாறியது.

தொழிற்சங்கத்துக்காரர்கள், மாணவர்கள், ஆசிரியர்கள், விவசாயிகள் என்று பலரை வீட்டிலிருந்தும் வேலையிடத்திலிருந்தும் இழுத்துப் போனார்கள். சிலர் திரும்பி வந்தார்கள். சிலர் வரவே இல்லை. இந்த ஆட்சி 1990 மார்ச் வரை நீடித்தது. பிற்பாடு அரசே அமைத்த விசாரணைக் குழுக்களின் கணக்குப்படி, கொல்லப்பட்டவர்களும் காணாமல் ஆக்கப்பட்டவர்களும் 3,000-க்கும் மேல். சிறையிலும் சித்திரவதையிலும் சிக்கியவர்கள் பல்லாயிரம் பேர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு அடக்கம் செய்ய ஓர் உடல்கூடக் கிடைக்கவில்லை.

பெண்கள் தேடி அலைந்தார்கள். போலீஸ் ஸ்டேஷன், ராணுவ முகாம், ஆஸ்பத்திரி, சிறை, பிணவறை. எங்கே போனாலும், ‘அப்படி யாரையும் நாங்கள் பிடிக்கவில்லை’ என்பதுதான் பதில். ‘உன் புருஷன் வேறு பெண்ணோடு ஓடிப்போயிருப்பான்’ என்று கேலி செய்து அனுப்பியதும் உண்டு.

காரியம் செய்ய முடியாத சாவு

சாவு என்றால் எந்த ஊரிலும் அதற்கென்று சில முறைகள் உண்டு. உடலைக் கிடத்தி அழுவார்கள். சொந்தபந்தம் வரும். சடங்கு நடக்கும். ஒரு நாள் குறித்துக் காரியம் முடிப்பார்கள். பிறகு மெதுவாக வீடு பழைய நிலைக்குத் திரும்பும். ஆள் காணாமல் போனால் இதில் எதுவுமே கிடையாது. இறந்துவிட்டார் என்று அழுதால், உயிரோடு இருப்பவரைக் கைவிட்டது மாதிரி இருக்கும். உயிரோடு இருக்கிறார் என்று நம்பினால், ஒவ்வொரு ராத்திரியும் கதவுச் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி படுக்க வேண்டும். அவருடைய சட்டையை எடுத்து வைப்பதா, யாருக்காவது கொடுத்துவிடுவதா என்பதைக்கூட முடிவு செய்ய முடியாது.

அமெரிக்க உளவியலாளர் பாலின் பாஸ், போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களை 1970-களில் ஆராய்ந்து, இந்த நிலைக்கு ஒரு பெயர் கொடுத்தார். முடிவு தெரியாத இழப்பு என்று அதைச் சொல்லலாம். இந்தத் துக்கம் உறைந்து நின்றுவிடுகிறது என்பது அவர் கண்டது. அது அந்தப் பெண்ணின் மனக் கோளாறு இல்லை. அவரைச் சுற்றியுள்ள நிலைமையே அப்படிப்பட்டது.

சிலியில் இதோடு இன்னொரு காயமும் சேர்ந்தது. துக்கம் விசாரிக்க யாரும் வரவில்லை. ராணுவம் தேடிவந்த வீட்டு வாசலை மிதிக்கப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கே பயம். தெரிந்தவர்கள் எதிரே பார்த்தால் தெருவின் அந்தப் பக்கம் போனார்கள். யார் உளவு சொல்பவர், யார் நம்மவர் என்றே தெரியாத நிலை. ஒரு சமூகத்தின் மேல் விழும் பெரிய அடி முதலில் உடைப்பது இந்த நம்பிக்கையைத்தான்.

ஒரு கதவு திறந்தது

1973 அக்டோபரில், கத்தோலிக்க, லுத்தரன், மெதடிஸ்ட் சபையினரும் யூத சமூகத்தினரும் சேர்ந்து அமைதிக்கான ஒரு குழுவைத் தொடங்கினார்கள். பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்காக அதன் வக்கீல்கள் ஆட்கொணர்வு மனுக்கள் போட்டார்கள். அப்படி ஆயிரக்கணக்கில் போன மனுக்களில் கிட்டத்தட்ட எல்லாவற்றையுமே நீதிமன்றங்கள் தள்ளுபடி செய்தன. 1975 கடைசியில் பினோசேயின் நெருக்கடியால் அந்தக் குழு கலைக்கப்பட்டது. சாண்டியாகோவின் கர்தினால் ராவுல் சில்வா என்ரிக்கெஸ் சும்மா இருக்கவில்லை. 1976 ஜனவரியிலேயே ‘விக்காரியா’ என்ற அமைப்பைச் சபையின் நேரடிப் பொறுப்பில் தொடங்கினார். நகரின் மையச் சதுக்கத்தில், தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே அதன் அலுவலகம்.

மனு கொடுக்க வந்த பெண்கள் வரிசையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். போன வாரம் பிணவறை வாசலில் பார்த்த அதே முகங்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி. பல வீடுகளில் சம்பாதித்து வந்த ஆளும் போய்விட்டதால் அடுப்பும் எரியவில்லை. இவர்கள் கூடி உட்கார்ந்து ஏதாவது செய்து சம்பாதிக்கட்டும் என்று 1974-ல் தொடங்கியதுதான் தையல் பட்டறை.

சாக்கில் படம் தைப்பது சிலிக்குப் புதிதல்ல. நாட்டுப்புறப் பாடகி வியோலெட்டா பார்ரா, உடம்பு சரியில்லாமல் படுக்கையில் கிடந்த நாள்களில் இதைச் செய்யத் தொடங்கினார். 1964-ல் பாரீஸின் லூவர் மாளிகையில் இருக்கும் அலங்காரக் கலை மியூசியத்தில் அவருடைய துணிப் படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. கடலோர ஊரான இஸ்லா நெக்ராவின் பெண்களும் இப்படித் துணியில் படம் பின்னுவதில் பேர் பெற்றவர்கள். ஆக, வடிவம் கையில் இருந்தது. சொல்ல வேண்டிய கதைதான் புதியது.

புதுத் துணி வாங்கக் காசு இல்லை. பழைய மாவுச் சாக்கும் கிழிந்த துணியும் போதுமானதாக இருந்தது. சிலர் காணாமல் போன மகனின் சட்டையிலிருந்தே ஒரு துண்டு வெட்டினார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் பெட்டியில் மடித்து வைத்திருந்த சட்டை அது. அதே துணி, படத்தில் அவனுடைய பொம்மைக்குச் சட்டையானது.

ஊசி ஓடும்போது பேச்சு வரும்

வாரத்துக்கொரு நாள் பெண்கள் கூடுவார்கள். இந்த வாரம் எதைத் தைக்கலாம் என்று பேசுவார்கள். தைத்தவற்றை நடுவில் வைத்துப் பார்ப்பார்கள். மீதி நேரம் ஊசி ஓடும்.

எதிரெதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்து, ‘உனக்கு என்ன ஆச்சு, சொல்’ என்று கேட்டால் பலருக்கும் வார்த்தை வராது. கை ஒரு வேலையில் இருக்கும்போது, கண் துணியின் மேல் இருக்கும்போது, பேச்சு தானாக வரும். பாதி சொல்லிவிட்டு நிறுத்தலாம். நூல் கோக்கும் சாக்கில் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். அழுகை வந்தால் யாரும் பதறிப் போய்ச் சமாதானம் சொல்ல மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவருக்கும் அதே கதைதான். கீரை ஆய்ந்தபடியும் பூத் தொடுத்தபடியும் பேசிப் பழகிய எவருக்கும் இது தெரியாத ரகசியம் இல்லை.

அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-ல் எழுதிய புத்தகம், அதிர்ச்சியிலிருந்து மீள்வதை மூன்று கட்டங்களாகப் பிரிக்கிறது. முதலில் பாதுகாப்பான ஓர் இடம். அடுத்து, நடந்ததை நினைவுகூர்ந்து துக்கப்படுவது. மூன்றாவது, மனிதர்களோடு மறுபடி இணைவது. அந்தப் புத்தகம் வருவதற்கு 18 வருடங்களுக்கு முன்பே, படிக்க அதிகம் வாய்ப்பில்லாத பெண்கள் சர்ச்சின் ஓர் அறையில் உட்கார்ந்து இந்த மூன்றையும் செய்துகொண்டிருந்தார்கள். அறை பாதுகாப்பைத் தந்தது. துணி நினைவைத் தாங்கியது. பக்கத்தில் உட்கார்ந்தவர் உறவானார்.

பட்டறைகள் பெருகின. ஆலை மூடி வேலை போன தொழிலாளர்களின் மனைவிகள் நகரத்து ஓரக் குடியிருப்புகளில் தனிக் குழுக்களாகச் சேர்ந்தார்கள். அவர்கள் தைத்த படங்களில் வேறு கதை வந்தது: பூட்டிய ஆலைக் கதவு, கட்டணம் கட்டாததால் நின்றுபோன தண்ணீர்க் குழாய், தெருவே சேர்ந்து ஒரே அண்டாவில் சமைக்கும் பொதுச் சமையல். பசியை வெளியில் சொல்லக் கூச்சப்பட்டவர்கள் அதைத் தைத்துக் காட்டினார்கள். தைத்து முடித்ததைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி, ‘எங்கள் வீட்டிலும் இதேதான்’ என்று சொல்லும்போது அந்தக் கூச்சம் பாதியாகக் குறைந்தது.

எல்லா வீட்டிலும் இது சுலபமாக நடக்கவில்லை. பெண் வெளியே போய்க் கூட்டத்தில் உட்காருவதைப் பல கணவர்கள் விரும்பவில்லை. அவள் தைத்த துணியின் காசில் வீட்டுக்கு ரொட்டி வந்தபோது, எதிர்ப்பு மெல்ல அடங்கியது. சமையலறையைத் தாண்டாத பல பெண்கள் கூட்டத்தில் எழுந்து பேசவும், கணக்குப் பார்க்கவும், ஊர்வலத்தில் முன்னே நடக்கவும் பழகினார்கள்.

பின்பக்கம் ஒரு பாக்கெட்

தைத்த துணிகளை விக்காரியா விலைக்கு வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பியது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும், நாடுவிட்டுப் போன சிலி மக்களும் மனித உரிமைக் குழுக்களும் அவற்றை விற்றார்கள். பல துணிகளின் பின்பக்கத்தில் ஒரு சின்னப் பாக்கெட் இருக்கும். அதற்குள் மடித்த காகிதத்தில், படத்தில் என்ன நடக்கிறது என்று தைத்தவர் இரண்டு மூன்று வரி எழுதியிருப்பார்.

பத்திரிகைக்குத் தணிக்கை இருந்தது, மேடைக்குத் தடை இருந்தது. பெண்கள் தைக்கும் ஒட்டுத்துணியை முதலில் யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. அதுவே அதற்குப் பாதுகாப்பாக அமைந்தது. விஷயம் வெளியே தெரிந்த பிறகு, அரசு ஆதரவுப் பத்திரிகைகள் இவற்றை அவதூறு என்று எழுதின. பெண்கள் ராத்திரியில் தைத்து, பகலில் ஒளித்து வைத்தார்கள்.

1978-ல், தலைநகருக்கு அருகே லோன்கென் என்ற இடத்தில், கைவிடப்பட்ட சுண்ணாம்புச் சூளையில் 15 பேரின் எச்சங்கள் கிடைத்தன. 1973-ல் பிடித்துப் போன விவசாயிகள் அவர்கள். விக்காரியாவுக்குக் கிடைத்த ஒரு தகவலால்தான் இது வெளியே வந்தது. ‘யாரையும் பிடிக்கவில்லை’ என்ற பதில் பொய் என்பதற்கு முதல் பெரிய சான்று இது. அந்தச் சூளையும் சாக்குத் துணியில் ஏறியது.

ஜோடி இல்லாத நடனம்

சிலியில் பண்டிகை என்றால் குவேக்கா நடனம் இருக்கும். ஆணும் பெண்ணும் கைக்குட்டையை வீசி ஒருவரையொருவர் சுற்றிச் சுற்றி ஆடுவார்கள். காதல் நடனம் அது.

1978 மார்ச் 8, மகளிர் தினம். சாண்டியாகோவின் கௌபோலிக்கான் அரங்கில், காணாமல் போனவர்களின் குடும்பத்துப் பெண்கள் மேடை ஏறினார்கள். வெள்ளை ரவிக்கை, கறுப்புப் பாவாடை, நெஞ்சில் குத்திய போட்டோ. குவேக்கா இசை தொடங்கியது. ஒரு பெண் தனியாக ஆடினார். எதிரே ஆண் நிற்க வேண்டிய இடம் காலியாகவே இருந்தது. அந்தக் காலி இடத்தைச் சுற்றி அவர் கைக்குட்டையை வீசி ஆடினார். ‘தனி குவேக்கா’ என்று அதற்குப் பெயர் வந்தது. மறுவருடம் ராணுவ அரசு குவேக்காவை தேசிய நடனமாக அறிவித்தது. அதற்குள் அந்த நடனத்துக்கு வேறு ஓர் அர்த்தமும் சேர்ந்துவிட்டது.

ஆங்கிலப் பாடகர் ஸ்டிங் 1987-ல் இந்தப் பெண்களைப் பற்றி ஒரு பாடல் வெளியிட்டார். மக்களாட்சி திரும்பிய 1990-ல், சாண்டியாகோவின் தேசிய ஸ்டேடியத்தில் அதைப் பாடினார். மேடையில் அந்தப் பெண்களும் நின்றார்கள். 17 வருடங்களுக்கு முன் கைதிகளை அடைத்து வைத்திருந்த அதே ஸ்டேடியம்.

காயம் ஆறியதா?

1988 அக்டோபர் 5 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில், பினோசே தொடர வேண்டாம் என்று சுமார் 56 சதவிகிதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். 1991 மார்ச்சில் புதிய ஜனாதிபதி பத்ரீசியோ அயில்வின், விசாரணைக் குழுவின் அறிக்கையை டெலிவிஷனில் நாட்டுக்கு அறிவித்தபோது, அரசின் சார்பில் அந்தக் குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டுக் குரல் தழுதழுத்தார். ‘நடக்கவே இல்லை’ என்று சொல்லப்பட்ட விஷயம் நடந்ததுதான் என்று நாடே ஒப்புக்கொண்ட நாள் அது.

ஆனால் எல்லாம் சரியாகிவிடவில்லை. 2006-ல் பினோசே தண்டனை எதுவும் பெறாமலே இறந்துபோனார். 1992-ல் விக்காரியா மூடப்பட்டது. ஆட்சி மாறியதும் வெளிநாட்டு ஆர்வம் குறைந்து, துணிகளுக்கு வாங்குபவர்களும் குறைந்தார்கள். பண்டிகை, அறுவடை என்று சந்தோஷமான காட்சிகளைத் தைத்தால்தான் சுற்றுலாப் பயணிகள் வாங்குவார்கள் என்ற நிலை வந்தது. வலியைக் காட்டித் தொடங்கிய கலை, வலியை மறைத்து விற்க வேண்டிய கட்டாயத்துக்கு வந்தது பலருக்குக் கசப்பான அனுபவம்.

கலையால் போன உயிர் திரும்பி வராது. கோர்ட் சொல்ல வேண்டிய தீர்ப்பை ஊசியும் நூலும் சொல்லிவிட முடியாது. இதைச் சிலியின் பெண்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். அதனால்தான் தைத்தபடியே மனுவும் போட்டார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள், நாடாளுமன்றக் கட்டடத்தின் கம்பிக் கதவில் தங்களைச் சங்கிலியால் கட்டிக்கொண்டு நின்றார்கள். அத்தனை வருடம் தளராமல் நிற்கத் தெம்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், வாரம் தவறாமல் கூடிய அந்த அறைதான் பதில். தனியாகச் சுமந்திருந்தால் ஆளையே நசுக்கியிருக்கும் பாரத்தைப் பத்துப் பேர் சேர்ந்து தூக்கினார்கள். பாரம் குறையவில்லை, தூக்க ஆள் இருந்தது.

எல்லை கடந்த தையல்

பக்கத்து நாடான பெருவில் 1980 முதல் 20 வருடங்கள் உள்நாட்டுச் சண்டை நடந்தது. இறந்தும் காணாமலும் போனவர்கள் சுமார் 69,000 பேர் என்று அந்த நாட்டு உண்மை ஆணையம் மதிப்பிட்டது. மலைக் கிராமங்களிலிருந்து தலைநகர் லிமாவுக்குத் தப்பி வந்த பெண்களும் ஆர்பியேரா தைத்தார்கள். விட்டு வந்த வீட்டையும் வயலையும் துணியில் கொண்டுவந்தார்கள்.

சிலியிலிருந்து போய் வட அயர்லாந்தில் வாழும் ரொபேர்த்தா பாசிக், 2008-ல் டெர்ரி நகரில் இந்தத் துணிகளைக் கண்காட்சியாக வைத்தார். வெவ்வேறு சண்டைகளைச் சொல்லும் துணிப் படங்களின் பெரிய தொகுப்பு ஒன்று அதிலிருந்து வளர்ந்தது. கத்தோலிக்கர்-புராட்டஸ்டன்ட் பகையில் பல பத்தாண்டுகள் ரத்தம் பார்த்த ஊர் டெர்ரி. எங்கோ ஒரு நாட்டின் துயரத்தைப் பார்க்கும்போது, சொந்த ஊரின் துயரத்தைப் பேசவும் ஒரு வழி கிடைக்கிறது.

பிரேசிலில், அணைக்கட்டுகளால் நிலத்தை இழந்த பெண்களும் தங்கள் இயக்கத்தில் இதே தையலைக் கையில் எடுத்திருக்கிறார்கள். முழுகிப்போன ஊர், பிரிந்துபோன அக்கம்பக்கம், வராத நஷ்டஈடு என்று அவர்கள் கதை துணியில் போகிறது.

சாண்டியாகோவில் 2010 ஜனவரியில் நினைவு மியூசியம் திறக்கப்பட்டது. ஒரு காலத்தில் ஒளித்து வைத்துத் தைத்த துணிகளை இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்க்கிறார்கள். ஆட்சிக்கவிழ்ப்பு நடந்து 50 வருடம் ஆகவிருந்த நேரத்தில், 2023 ஆகஸ்ட் 30 அன்று, ஜனாதிபதி கப்ரியேல் போரிக் ஒரு தேசியத் தேடல் திட்டத்தை அறிவித்தார். காணாமல் போனவர்களுக்கு என்ன ஆனது, எங்கே இருக்கிறார்கள் என்பதைத் தேடிச் சொல்வது இனி அரசின் வேலை என்கிறது அந்தத் திட்டம். அதுவரை அந்த வேலையைத் தாய்மார்களும் மனைவிகளும் சகோதரிகளும்தான் செய்துவந்தார்கள். அவர்களில் பலர் பதில் கிடைக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இருப்பவர்கள் இன்னமும் நெஞ்சில் போட்டோவைக் குத்திக்கொண்டு கூடுகிறார்கள்.